கையை நீக்கிய காணொளி

எங்க தெருவுல யாரும் கத்திப் பேச மாட்டோம். ரொம்பப் பண்பான ஜனங்கன்னு நினைச்சுடாதீங்க. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல வீட்டுக்கு வீடு தறி. மேல டிசைனுக்கு இழை தூக்குற ஜக்கார்டு பெட்டி டக்கு டக்குன்னு அடிச்சிக்கினு இருக்கும்போது, தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரருக்குக் கேக்காது. அதனால கையாலதான் பேச்சு. ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினா, இழை அறுந்துடுச்சு. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினா, தப்பா நெய்ஞ்சிட்டே, பிரி. வயித்தைத் தடவிக்கினு கொட்டாவி விட்டா, வேலை செய்யாம மேல்பார்வை மட்டும் பாக்குற ஆளு யாரோ வர்றாருன்னு அர்த்தம். இதுக்கெல்லாம் வாத்தியார் கிடையாது. தொட்டில்ல கெடக்கும்போதே கத்துக்குறதுதான்.

என் பொண்ணு ஜீவிதாவுக்குப் பொறந்ததுல இருந்து காது கேக்காது. வேற தெருவா இருந்தா உச்சு கொட்டியே அவளைக் கொன்னிருப்பாங்க. இங்க ரொம்ப நாளைக்குப் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் கையால பேசுவா, கையால சண்டை போடுவா, நான் திட்டினா கையாலயே திருப்பிக் குடுப்பா. அப்பால காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்ல முறையான சைகை மொழியும் கத்துக்கினா. பேச்சுல என்னை மிஞ்ச ஆள் இல்லைன்னு இருந்தேன், அவ மிஞ்சிட்டா.

என் பேரு கிருஷ்ணவேணி. தறியில நீளவாட்டுல ஓடற பழைய பாவு நூல் தீர்ந்தா, புதுப் பாவு நூலை அதோட இழை இழையாப் பிணைக்கிறது என் வேலை. என் வீட்டுக்காரர் பரசுராமன் நெய்யறாரு. நான் பேசுவேன், அவரு பேச மாட்டாரு. கடவுள் எங்க வீட்டுல அப்படித்தான் பங்கு பிரிச்சாரு.

ஜீவிதாவுக்குப் படம் வரையறதுல பைத்தியம். வரைஞ்ச படத்தை போன்ல ஓட வைப்பா. சென்னையில காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே அனிமேஷன் சொல்லித் தர்ற காலேஜ் ஒண்ணு இருக்குதுன்னு கண்டுபிடிச்சதும் அவதான். அதுல சேரணும்னா, தன்னைப் பத்திக் கையால பேசி, வீடியோ எடுத்து, அரசாங்கப் போர்ட்டல்ல ஏத்தணும். ஆடிக் கிருத்திகை சாயங்காலத்தோட போர்ட்டலை மூடிடுவாங்க. அப்போ ஆனி மாசம்தான் நடந்துக்கினு இருந்துச்சு. ஏகப்பட்ட நேரம் இருக்குதுன்னு நினைச்ச முட்டாள் நான்.

வெளிச்சம் நல்லா இருக்கும்னு தாமல் ஏரிக்கரைக்குப் போயி வீடியோ எடுத்தோம். ஏத்தினோம். போர்ட்டல் திருப்பி அனுப்பிடுச்சு. 'இது உரிமத்தொகைக்கு உட்பட்ட வடிவம். கட்டற்ற வடிவில் மாற்றி, கட்டற்ற காணொளி வடிவ இயக்ககத்தின் சான்று எண்ணுடன் மீண்டும் பதிவேற்றவும்.'

எதிர் முனையில மொபைல் கடை வச்சிருக்கிற சத்யராஜ்கிட்ட ஓடினேன். அவன் வாய் ஓயாதவன். ஆனா கை சுத்தம்.

"ஒண்ணுமில்லக்கா. படத்தைச் சுருக்கி மடிச்சு வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்குது. சில முறைக்குச் சொந்தக்காரன் இருக்கான், மடிக்கிறதுக்கும் காசு கேப்பான், பிரிக்கிறதுக்கும் காசு கேப்பான். சிலதுக்கு எவனும் கேக்க மாட்டான். உலகத்துல யார் வேணா மடிச்சுக்கலாம், யார் வேணா பிரிச்சுக்கலாம்."

"நம்ம புடவையில போடற மயில்கண் பார்டர் மாதிரியா? நாமளும் போடறோம், எதிர் வீட்டுலயும் போடறாங்க, எவன்கிட்டயும் கேக்கறதில்ல?"

"அதேதாங்கா! அந்த மாதிரி வெப்எம்னு ஒண்ணு இருக்குது. ஃப்ரீ." ஒரு டீ குடிக்கிற நேரத்துல மாத்திக் குடுத்துட்டான். ஜீவிதாவோட விரல் நகம்கூட பளிச்சுன்னு தெரிஞ்சது. "சான்று நம்பர் மட்டும் போய் வாங்கிக்கோ. இலவசம்தானே, உடனே குடுத்துடுவாங்க."

இலவசம்னா உடனே குடுத்துடுவாங்களாம். பாவம், சின்னப் பையன்.

கட்டற்ற காணொளி வடிவ இயக்ககம் ரயில்வே ரோடு பக்கம் ஒரு டீக்கடை மாடியில இருந்துச்சு. 'திறந்த வடிவம், திறந்த சமுதாயம்'னு பெரிய போர்டு. அதுக்குக் கீழ இரும்பு கேட்டு, கேட்டுல என் தலையளவு பூட்டு. கம்பி வழியா ராமராஜன்னு ஒரு உதவியாளர் எட்டிப் பார்த்தாரு.

"என்னம்மா?"

"வீடியோவுக்கு நம்பர் வாங்கணுங்க. திறந்த வடிவத்துலதான் இருக்குது."

"யார் திறந்தது?"

"சத்யராஜு. மொபைல் கடை."

"அவருக்குத் திறக்க அதிகாரம் இருக்குதா?"

"யார் வேணா திறக்கலாம்னு அவன்தாங்க சொன்னான்."

"யார் வேணா திறக்கலாம். ஆனா சத்யராஜ் திறக்கலாம்னு எங்கயும் எழுதலையேம்மா." அந்த ஆளு மூஞ்சியில சிரிப்பே இல்ல. நிஜமாவே யோசிச்சிக்கினு நின்னாரு. அப்பால கேட்டைத் திறந்து, என்னை உள்ள விட்டு, மறுபடி பூட்டிட்டு, இணை இயக்குநர்கிட்டக் கூட்டிக்கினு போனாரு.

இணை இயக்குநர் பேரு சந்தோஷ்குமார். நல்லா இஸ்திரி போட்ட மனுஷன். முன்னாடி மைக் இல்லாட்டியும் இருக்கிற மாதிரியே பேசுவாரு.

"அம்மா, இந்த வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. உங்களுக்குச் சொந்தமில்லை. எனக்குச் சொந்தமில்லை. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா? அந்த யாராவதுதான் நாங்கள்."

"சரிங்க சார். நம்பர் குடுத்தீங்கன்னா..."

"முதலில் இது யாருக்கும் சொந்தமில்லை என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும்."

"யாருக்கும் சொந்தமில்லன்னு யார்கிட்ட சார் எழுதி வாங்கறது?"

அவரு என்னைப் பாவமாப் பார்த்தாரு. "காணொளி எங்கே பிறந்தது?"

"தாமல் ஏரிக்கரையில."

"அப்படியானால் தாமல் கிராம நிர்வாக அலுவலரிடம்."

நான் தாமலுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கிராம அதிகாரி நல்ல மனுஷன். நான் சொன்னதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஏரியையே பார்த்துக்கினு இருந்தாரு. அப்பால, "எனக்கு ஒண்ணும் புரியலம்மா, ஆனா பொண்ணு படிப்புன்னு சொல்றே"ன்னு எழுதிக் குடுத்தாரு: 'மேற்படி காணொளி வடிவம் தாமல் கிராம எல்லைக்குள் எவருக்கும் பாத்தியப்பட்டதல்ல. நீர்நிலைப் புறம்போக்கிலும் அமையவில்லை.'

சந்தோஷ்குமார் அதை ரெண்டு தடவை படிச்சாரு. சந்தோஷம் தாங்கல அவருக்கு. "மிகத் தெளிவான ஆவணம்"னாரு. உடனே, ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு ஒரு அறிவிப்பு அடிச்சு, டீக்கடைச் சுவத்துல ஒட்டச் சொன்னாரு.

ஒரு காணொளி வடிவத்து மேல காஞ்சிபுரத்துல எவன் ஆட்சேபணை சொல்லப் போறான்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தேன். ஆட்சேபணை வந்துச்சு. கீழ டீக்கடைக்காரர் ஜான்சன், இயக்ககத்து ஏசி தண்ணி தன் அடுப்பு மேல சொட்டுதுன்னு ரொம்ப நாளா எழுதிப் போட்டுக்கினு இருந்திருக்காரு. ஆட்சேபணைக்குன்னு அப்போதான் முதல் தடவையா ஒரு ஃபைல் திறந்தாங்களா, அவரு காகிதத்தைத் தூக்கி இதுல சேர்த்துட்டாங்க. விசாரணை வச்சாங்க. எதிர்மனுதாரர் நான்.

"உங்கள் காணொளியால் இவருடைய அடுப்பு நனைகிறதா?"

"ஏசியால சார்."

"ஆட்சேபணை தீரும்வரை காணொளி நிறுத்திவைக்கப்படுகிறது."

ஜான்சனும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கினோம். "தப்பா நினைச்சுக்காதம்மா, நான் சொன்னது தண்ணியைப் பத்தி"ன்னு அவரு எனக்கு டீ குடுத்தாரு. மறுநாள் என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திட்டு வந்து, ஏணி போட்டு, அரசாங்கத்து ஏசிக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பைக் கட்டி, தண்ணியைச் சாக்கடைக்கு விட்டாரு. ஒரு வார்த்தை பேசல. நான் அவருக்கும் சேர்த்து கீழ நின்னு பேசினேன். ஆட்சேபணை தீர்ந்தது.

அதுக்குள்ள ஆடி பொறந்துடுச்சு. அம்மன் கோயிலுங்கள்ல கூழ் ஊத்த ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு ஓரிடத்துல காலு நிக்கல. பாவு பிணைக்க உக்காந்தா இழை கைக்கு வரல. போன் அடிச்சா ஓடுறேன், அடிக்காட்டி அது செத்துப்போச்சான்னு எடுத்துப் பாக்குறேன். ஜீவிதா தினமும் வாசல்ல நின்னு, நான் தெருமுனை திரும்பும்போதே தூரத்துல இருந்து கையால கேப்பா: "ஆச்சா?" நான் தூரத்துல இருந்தே "நாளைக்கு"ம்பேன். நாளைக்குன்னு காட்டிக் காட்டி என் மணிக்கட்டு வலிச்சது.

அடுத்தது தொழில்நுட்பப் பரிசோதனை. ஜீவிதாவையும் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க. ராமராஜன் கம்ப்யூட்டர்ல வீடியோவை ஓட விட்டாரு. ஸ்பீக்கரைத் தட்டினாரு. மறுபடி ஓட விட்டாரு.

"ஒலி இல்லையேம்மா."

"அவளுக்குக் காது கேக்காதுங்க. கையாலதான் பேசறா."

"அது அவர்களுடைய குறை. காணொளிக்கு ஏன் அந்தக் குறை வர வேண்டும்?"ன்னு சந்தோஷ்குமார் கேட்டாரு. "ஒலியும் ஒளியும் சேர்ந்ததே காணொளி. ஏதாவது ஓர் ஒலியைச் சேருங்கள். உரிமத்தொகை இல்லாத ஒலியாக இருக்கட்டும்."

பாட்டு வைக்கலாம்னா பாட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கான். நாதஸ்வரம் வைக்கலாம்னா வாசிச்சவர் இருக்காரு. கடைசியில என் வீட்டுக்காரர் தறி அடிக்கிற சத்தத்தைப் பிடிச்சு, சத்யராஜ் அதுல சேர்த்தான். சந்தோஷ்குமார் கண்ணை மூடிக்கினு கேட்டாரு.

"இது என்ன நெசவு?"

"மயில்கண் பார்டர் சார்."

"மயில்கண் யாருடையது?"

"யாருதும் இல்ல சார். எல்லாரும் போடுவோம். யாரும் யாரையும் கேக்கறதில்ல."

அவரு கண்ணைத் திறந்தாரு. நாற்காலியை விட்டே எழுந்துட்டாரு. "அம்மா! இதைத்தான், இதையேதான், இந்த இயக்ககம் இந்த நாட்டில் கொண்டுவரப் போராடுகிறது! ராமராஜன், மயில்கண்ணுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று விசாரித்து ஒரு குறிப்பு போடுங்கள்."

மயில்கண்ணுக்கு நாளைக்கு இந்த ஆளு பூட்டு போட்டான்னா பிள்ளையார்பாளையமே என்னை உதைக்கும். வாயை இறுக்கி மூடிக்கினேன். என் வாழ்க்கையில அது நடந்தது அபூர்வம்.

அடுத்த குறை, கோப்பு பெரிசாம். சத்யராஜ் குடுத்ததை அவங்களே மறுபடி சுருக்கினாங்க. சுருக்கினதை எங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. திரையில என் பொண்ணு உக்காந்திருக்கா. முகம் பளிச்சுன்னு இருக்குது, பின்னாடி ஏரி பளிச்சுன்னு இருக்குது, கரையில மேயற ஆட்டுக்குட்டிகூட தெரியுது. கை இருக்க வேண்டிய இடத்துல பழுப்பா ஏதோ புகை மாதிரி ஆடிச்சு.

"சார், கை எங்க?"

"அசையாத பொருளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை அம்மா. அசைவுதான் செலவு. தேவையற்ற அசைவைக் குறைத்தால் கோப்பு குறையும். சொல்லப்போனால் இந்த அலுவலகமே அந்தக் கொள்கையில்தான் நடக்கிறது."

"அவ பேசறதே அந்தக் கையாலதான் சார்!"

"கையை அசைக்காமல் பேசச் சொல்லி மறுபடி எடுத்து வாருங்கள்."

நான் திரும்பி ஜீவிதாவைப் பார்த்தேன். அவ திரையில தன் கை இல்லாத இடத்தையே பார்த்துக்கினு இருந்தா. அப்பால மெதுவா தன் ரெண்டு கையையும் தூக்கி முகத்துக்கு முன்னாடி வச்சுப் பார்த்துக்கினா, இருக்குதான்னு. என் பொண்ணுக்குப் பொறவியில வாய் வரலைன்னு நான் ஒரு நாளும் அழுதது கிடையாது. அந்த மாடியில, ஏசி காத்துல, அன்னிக்குதான் அவளை ஊமையாக்கி எனக்குக் காட்டினாங்க. அழுதேன். அழுதுக்கினே திட்டினேன். ராமராஜன் தலையைக் குனிஞ்சிக்கினாரு. சந்தோஷ்குமார் ஒரு டம்ளர் தண்ணி வரவழைச்சாரு.

"ஃபார்மேட் மேல ஒரு தப்பும் இல்லக்கா"ன்னு சத்யராஜ் எங்கிட்ட மாரடிச்சிக்கினான். "அது தங்கம். குடுக்கறவன் கை சரியில்ல." சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு ஊருல சும்மாவா சொல்லி வச்சாங்க? ஆயிரம் கோயில் இருக்கிற ஊரு, பூசாரி எப்படியும் வந்து சேர்ந்துடறான்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி ராமராஜனே வீடு தேடி வந்தாரு. நல்ல சேதின்னாரு. இயக்ககம் ஆரம்பிச்சதுல இருந்து இதுவரைக்கும் ஒரு சான்றுகூடக் குடுக்கலையாம். மேல இருந்து கேள்வி கேட்டுட்டாங்களாம். அதனால கிருத்திகை அன்னிக்கு மத்தியானம் எங்க தெருக்கோடி கல்யாண மண்டபத்துலயே விழா. கூட்டத்துக்கு எங்க ஜனங்க, சாப்பாடு உண்டு. மேடையில ஜீவிதாவுக்கு முதல் சான்று. நம்பரோட.

"கை தெரியுமா சார்?"ன்னு கேட்டேன்.

"சுருக்காத பழைய வீடியோவையே ஏத்துக்கலாம்னு சார் சொல்லிட்டாரும்மா. பொண்ணு மேடையில ரெண்டு நிமிஷம் கையை ஆட்டினா போதும். ஜோதிகான்னு ஒரு மேடம் மொழிபெயர்ப்பாங்க."

"அந்த மேடத்துக்குச் சைகை தெரியுமா?"

"இல்லம்மா. ஆனா நன்றியுரை டைப் அடிச்சு ரெடியா இருக்குது."

கிருத்திகை அன்னிக்குக் குமரக்கோட்டம் முருகன் கோயில் பக்கம் காவடிக் கூட்டம் நெரிஞ்சது. எங்க ஜனங்க முருகனை முடிச்சிட்டு நேரா மண்டபத்துக்கு வந்துட்டாங்க. தெரு மொத்தமும் அங்கதான். சிறப்பு விருந்தினர் வரல. அவரு நாற்காலிக்கு மாலை போட்டாங்க. இயக்ககத்துக்காரங்க பெரிய கேமரா வச்சு எல்லாத்தையும் எடுத்தாங்க. நான் சத்யராஜைப் பக்கத்துல உக்கார வச்சிருந்தேன். நம்பர் கைக்கு வந்த நிமிஷமே போர்ட்டல்ல ஏத்திடணும், சாயங்காலம் மூடிடுவாங்க. அவன் போனைத் திறந்து பிடிச்சிக்கினு இருந்தான். நான் புடவைத் தலைப்பைக் கடிச்சிக்கினு இருந்தேன்.

சந்தோஷ்குமாருக்கு அன்னிக்கு நிஜமாவே மைக் இருந்துச்சு.

"பெரியோர்களே! நம் மண்டலத்தின் முதல் கட்டற்ற காணொளிக்கு இன்று சான்று வழங்குகிறோம். இந்த இயக்ககம் தொடங்கிய நாள் முதல் ஒரு காணொளியைக்கூட நாங்கள் தவறாக அனுமதித்ததில்லை. ஏனென்றால், ஒன்றைக்கூட அனுமதித்ததில்லை! அதுவே எங்கள் நேர்மை. யாரும் யாரையும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதே நம் கொள்கை. அப்படிக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பெற, எங்களைக் கேட்டால் மட்டும் போதும். இந்த அரும்பணியில் மக்கள் குறுக்கிடாமல் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்."

சாப்பாடு இன்னும் போடல, அதனால எல்லாரும் கை தட்டினாங்க. ஜீவிதாவை மேடைக்குக் கூப்பிட்டாங்க. சான்றைக் கதவு மாதிரி ஒரு மரச்சட்டத்துல, கண்ணாடி போட்டு, சரிகை மாலையோட குடுத்தாங்க. அவ ரெண்டு கையாலயும் வாங்கினா. நான் எழுந்து நின்னு, நம்பர் என்னன்னு கையால கேட்டேன்.

அவ சட்டத்தைப் படிச்சா. மறுபடி படிச்சா. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. அப்பால சட்டத்தைத் தரையில ஊணிப் பிடிச்சிக்கினு, ஒரு விரலால ஒவ்வொரு எழுத்தா காத்துல எழுதிக் காட்டினா. மா. தி. ரி. நம்பர் இருக்க வேண்டிய இடத்துல 'மாதிரி'ன்னு அச்சடிச்சிருந்தாங்க.

நான் மேடையோரம் ஓடி ராமராஜன் சட்டையைப் பிடிச்சேன். "அசல் எப்போ வரும்?" "அசல் அச்சடிக்க டெண்டர் விடணும்மா"ன்னு அந்த ஆளு தரையைப் பார்த்துச் சொன்னாரு. அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. இத்தனை நாள் அலைஞ்சது, தாமலு, ஏசி பைப்பு, என் பொண்ணோட ஆசை, எல்லாம் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள்ள மாதிரி ஆயிடுச்சு.

ஜீவிதா அழல. அந்தச் சட்டத்தைத் தூக்கி சந்தோஷ்குமார் கையிலயே குடுத்துட்டா. அவரு ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிக்கினாரு, அவ்வளவு கனம். இவ கை ரெண்டும் காலியாச்சு. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பேச ஆரம்பிச்சா.

ஜோதிகா மேடம் காகிதத்தைப் பிரிச்சு மைக்ல படிச்சாங்க. "என் வாழ்வில் ஒளியேற்றிய இணை இயக்குநர் அவர்களுக்கு..."

ஜீவிதா கை சொல்லிச்சு: என் பேரு ஜீவிதா. நான் கோடு போட்டா மயில் பறக்கும். இன்னும் நல்லாப் பறக்க வைக்கக் கத்துக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்.

"...என் நன்றியை எந்தச் சொல்லால் உரைப்பேன்..."

ஜீவிதா கை சொல்லிச்சு: இவங்க என் படத்துல இருந்து என் கையை எடுத்துட்டாங்க. முகத்தை மட்டும் வச்சிக்கினு, இதுதான் இலவசம்னாங்க. ஆட்டுக்குட்டி இருக்குது. நான் இல்ல.

சாம்பார் வாளியோட வந்தவங்ககூட அப்படியே நின்னுட்டாங்க. அவ ரெண்டு விரலைத் தூக்கி வெட்டிக் காட்டினா: இழை அறுந்துடுச்சு. யாரால? திரும்பி சந்தோஷ்குமாரை ஒரு பார்வை பார்த்துட்டு, வயித்தைத் தடவிக்கினு, வாயை அகலமாத் திறந்து ஒரு கொட்டாவி விட்டா.

"...அன்னாரின் அயராத உழைப்பை..."ன்னு ஜோதிகா மேடம் படிக்கவும், மண்டபமே கொல்லுன்னு சிரிச்சுது பாருங்க! கிழங்கட்டை எல்லாம் தொடையைத் தட்டிக்கினு சிரிக்கிறாங்க. சந்தோஷ்குமாருக்குப் பூரிப்பு. அவ்வளவு வரவேற்பை அந்த மனுஷன் எந்த விழாவுலயும் பார்த்திருக்க மாட்டாரு.

கடைசியா ஜீவிதா உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினா: தப்பா நெய்ஞ்சிருக்கீங்க, பிரிங்க. முதல்ல என் வீட்டுக்காரர் எழுந்து கையைத் திருப்பினாரு. வாயே திறக்காத மனுஷன், கண்ணுல தண்ணி வழிய, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, பிரி, பிரின்னாரு. அப்பால தெருவே எழுந்துடுச்சு. மண்டபம் மொத்தமும் கை திரும்புது. சந்தோஷ்குமார், இது காது கேக்காதவங்களுக்குக் கை தட்டுற முறைன்னு நினைச்சுட்டாரு. சட்டத்தை மாலை போட்ட நாற்காலியில சாத்தி வச்சிட்டு, முகமெல்லாம் சிரிப்பா, அவரும் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாரு. பிரி, பிரி, பிரி.

அன்னிக்குச் சாயங்காலமே இயக்ககம் அந்த விழாவைத் தன் இணையதளத்துல ஏத்திடுச்சு. அவங்க சொந்தச் சரக்கு, அதனால சான்று கேக்க ஆள் இல்ல. கட்டற்ற வடிவம், முழு அளவு, ஒரு அசைவுகூடக் குறைக்கல. கீழ அவங்களே எழுதியிருந்தாங்க: 'இதை யாரும், எவரையும் கேட்காமல், நகலெடுக்கலாம், பகிரலாம்.' சத்யராஜ் கேக்கவே இல்ல. காலேஜுக்கு அனுப்பினான், காது கேக்காதவங்க குரூப்புக்கெல்லாம் அனுப்பினான். காவடிங்க வீடு திரும்பறதுக்குள்ள அது எங்கெங்கயோ போயிடுச்சு.

மறுநாள் காலேஜ்ல இருந்து ஒரு டீச்சரம்மா வீடியோ கால்ல வந்தாங்க. அவங்களுக்கும் காது கேக்காது. ஜீவிதாகிட்ட என்னமோ கேட்டாங்க, அவ சொன்னா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வயித்தைத் தடவிக் கொட்டாவி விட்டாங்க. எனக்குப் பயமாப் போச்சு, படிப்பு கேட்டா இவ சேட்டை பண்றாளேன்னு. அப்பால ஜீவிதா என் பக்கம் திரும்பி சொன்னா: "வரச் சொல்லிட்டாங்க. போர்ட்டலை அவங்க பாத்துக்கறாங்களாம்." நான் பாவு நூல் மேலயே உக்காந்து அழுதேன். பட்டு நூல்மேல உக்காந்தேனேன்னு அப்பால வேற அழுதேன்.

அவ சென்னைக்குக் கிளம்புற காலையில சந்தோஷ்குமார் எங்க தெருவுக்கு வந்தாரு. இஸ்திரி கலைஞ்சிருந்துச்சு. தலைமையகத்துல சைகை தெரிஞ்ச யாரோ வீடியோவைப் பார்த்துட்டாங்களாம். நீக்கலாம்னா அது ஊரு பூரா இருக்குதாம்.

"அம்மா, இந்தக் காணொளியின் உரிமையாளர் நீங்கள்தான் என்று ஒரு கையெழுத்து போட்டால், உங்கள் பெயரால் எல்லா இடத்திலும் நீக்கச் சொல்லலாம்."

"எனக்கு எப்படி சார் சொந்தமாகும்? யாருக்கும் பாத்தியமில்லன்னு தாமல்ல எழுதி வாங்கிக்கினு வந்தேனே. மிகத் தெளிவான ஆவணம்னு நீங்கதானே சொன்னீங்க."

அவரு வேர்வையைத் துடைச்சிக்கினாரு. குரலைத் தாழ்த்தி, "உண்மையில் அந்தப் பெண் மேடையில் என்னதான் சொன்னாள்?"னு கேட்டாரு.

உள்ள என் வீட்டுக்காரர் தறியில உக்காந்து அடிக்க ஆரம்பிச்சாரு. எதிர் வீட்டுல ஆரம்பிச்சாங்க. பக்கத்து வீட்டுல, அடுத்த வீட்டுல. தெரு முழுக்க டக்கு டக்கு டக்குன்னு. நான் பதில் சொன்னேன், எங்க தெரு வழக்கப்படி, கையால. ஒண்ணு விடாம, பொறுமையா சொன்னேன். ஜன்னல்ல எட்டிப் பார்த்தவங்க நான் விட்டதையும் சேர்த்துச் சொன்னாங்க.

சந்தோஷ்குமார் வாயைத் திறந்து என்னமோ கத்தினாரு. மறுபடி கத்தினாரு. கடைசியில வேற வழியில்லாம, ஒரு விரலால தன் காதைத் தொட்டு, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாரு: எனக்குக் கேக்கல.

அந்த மனுஷன் எங்ககிட்டப் பேசினதுல முதல் தடவையா எல்லாருக்கும் புரிஞ்ச பேச்சு அதுதான். பையைத் தூக்கிக்கினு வாசல்ல நின்ன ஜீவிதா, தெரியும்னு அவருக்குத் தலையாட்டிட்டு, சென்னை பஸ்ஸுக்கு நடந்தா.